சோர்ஸ் பட்டியலைக் கையால் எழுதுங்கள், குளோப்பைக் காவலுக்கு வையுங்கள்

கேள்வி இதுதான்: சி++ திட்டம், சிமேக்கும் நிஞ்சாவும் பயன்பாட்டில் இருக்கின்றன, ஏறக்குறைய நானூறு சோர்ஸ் கோப்புகள். மேல்மட்ட சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் ஒரே ஒரு குளோப்_ரிகர்ஸ் வரி (பெயர் வடிவம் பொருந்தும் கோப்புகளை ஃபோல்டர்களில் தேடித் தரும் கட்டளை, சுருக்கமாக குளோப்) எல்லாவற்றையும் வாரிக் கொடுக்கிறது. யாராவது புதிய கோப்பு ஒன்றைச் சேர்த்து புஷ் செய்தால், அதை புல் செய்த மற்றவர்களுக்கு லிங்க் பிழை வருகிறது. பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. இதற்கு குளோப்போடு கன்ஃபிகர்_டிபெண்ட்ஸ் என்ற குறிச்சொல்லைப் போட்டால் போதுமா, இல்லை நானூறு பெயரையும் கையால் எழுதித்தான் ஆகவேண்டுமா?

எழுதிவிடுங்கள். நானூறு என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு முறை எழுத அரை நாள் ஆகாது, அதிலும் பெரும்பகுதியை ஒரு கட்டளையே எழுதிக் கொடுத்துவிடும். அதன்பிறகு வாரத்துக்கு நாலைந்து வரி மாறும், அவ்வளவுதான். குளோப்பையும் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. முதலில், பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அது புரியாமல் பட்டியலை எழுதினால் மூன்று மாதத்தில் யாரோ ஒருவர் குளோப்பைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

சிமேக் எதையும் கம்பைல் செய்வதில்லை. கன்ஃபிகர் எனப்படும் முதல் கட்டத்தில் சிமேக்லிஸ்ட்ஸ் கோப்புகளைப் படித்து நிஞ்சாவுக்கான விதிக்கோப்பை எழுதித் தருகிறது. இரண்டாம் கட்டத்தில் நிஞ்சா அந்த விதிக்கோப்பை மட்டும் பார்த்து வேலை செய்கிறது. குளோப் ஓடுவது முதல் கட்டத்தில். அந்த நொடியில் ஃபோல்டரில் என்னென்ன இருந்தனவோ அவையே பட்டியலாக உறைந்துவிடும். வாக்காளர் பட்டியல் அச்சான பிறகு தெருவுக்குக் குடிவந்தவர் நிலைதான் அதற்குப் பின் வரும் கோப்புக்கு. ஒவ்வொரு முறையும் நிஞ்சா முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, 'சிமேக்லிஸ்ட்ஸ் கோப்புகளில் ஏதாவது என் விதிக்கோப்பைவிடப் புதிதாக இருக்கிறதா?' என்பது. இருந்தால் சிமேக்கைத் தானே ஓட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஓட்டாது. சக ஊழியர் சேர்த்தது ஒரு சிபிபி கோப்பும் ஒரு ஹெடரும் மட்டும் என்றால், சிமேக்லிஸ்ட்ஸ் எதுவும் மாறவில்லை; எனவே சிமேக்கைத் திரும்ப ஓட்டக் காரணமே இல்லை. ஹெடரை இன்க்ளூட் செய்த பழைய கோப்புகள் ஒழுங்காக கம்பைல் ஆகும். ஹெடரில் அறிவித்த ஃபங்ஷனின் உடல் எங்கே என்று, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகக் கோர்க்கும் லிங்கர் தேடும்போதுதான் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று விழும்.

பட்டியல் கையால் எழுதப்பட்டிருந்தால், கோப்பைச் சேர்த்த கமிட்டிலேயே சிமேக்லிஸ்ட்ஸ் மாற்றமும் வந்தாக வேண்டும். புல் செய்த அனைவரிடமும் அந்தக் கோப்பின் நேரம் புதிதாகும், நிஞ்சா தானாகவே சிமேக்கைக் கூப்பிடும். கையால் எழுதுவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. ஒழுங்கு, அழகு எல்லாம் பிறகு.

கோப்பை அழித்தால் நடப்பது கொஞ்சம் வேறு. குளோப் உறையவைத்த பட்டியலில் பெயர் இருக்கிறது, வட்டில் கோப்பு இல்லை. நிஞ்சா 'மிஸ்ஸிங் அண்ட் நோ நோன் ரூல் டு மேக் இட்' என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். நிஞ்சாவுக்குப் பதில் மேக் என்றால் 'நோ ரூல் டு மேக் டார்கெட்'. இது குழப்பமானதுதான், ஆனாலும் சத்தமாக விழுகிற பிழை. சிமேக்கை ஒரு தடவை ஓட்டினால் தீர்ந்தது. கிளை மாற்றும்போதும், பிழை எந்தக் கமிட்டில் புகுந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் ஓட்டும்போதும் இந்த இரண்டு பிழையும் மாறி மாறி வரும். பைசெக்டில் இது வெறும் தொல்லையோடு நிற்காது. ஸ்கிரிப்ட் வைத்துத் தானாக ஓட்டினால், பில்ட் விழுந்ததையே 'பேட்' என்று குறித்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத கமிட்டைக் குற்றவாளியாகக் காட்டிவிடும்.

சத்தமே போடாத வகைதான் ஆபத்து. கூகுள்டெஸ்ட் மாதிரி தன்னைத் தானே பதிவு செய்துகொள்ளும் டெஸ்ட் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எந்தக் கோப்பும் அவற்றில் உள்ள ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்படி ஒரு கோப்பு பட்டியலில் இல்லாவிட்டால் லிங்கர் எதையும் தேடப் போவதில்லை, பிழையும் வராது. எல்லா டெஸ்டும் பச்சை என்று திரையில் வரும், புதிய டெஸ்ட் ஒன்றுகூட ஓடியிருக்காது. பிளக்இன் பதிவு செய்யும் கோப்புகளுக்கும் இதே கதி. கவனியுங்கள், இந்த ஓட்டை குளோப்பில் மட்டும் இல்லை. கையால் எழுதும் பட்டியலிலும் சேர்க்க மறந்தால் இதுவேதான் நடக்கும். கையால் எழுதும் பட்டியலுக்கு ஒரு காவல் வேண்டும் என்று சொல்வது இதனால்தான், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இடையில் ஒன்று: பதிவு செய்யும் கோப்பு பட்டியலில் இருந்தும் டெஸ்ட் ஓடவில்லை என்றால், அது ஸ்டேடிக் லைப்ரரிக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் கேட்காத ஆப்ஜெக்டை (கம்பைல் ஆன கோப்பை) லிங்கர் அந்த லைப்ரரிக் கோப்பிலிருந்து, அதாவது ஆர்க்கைவிலிருந்து, எடுக்கவே எடுக்காது. அதை ஆப்ஜெக்ட் லைப்ரரியாக மாற்ற வேண்டும், அல்லது சிமேக் 3.24 முதல் கிடைக்கும் ஹோல்_ஆர்க்கைவ் வழியில் லிங்க் செய்ய வேண்டும். பட்டியல் பிரச்சினை என்று நினைத்து இதில் நேரத்தைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

கன்ஃபிகர்_டிபெண்ட்ஸ் எவ்வளவு தூரம் உதவும்

சிமேக் 3.12-இல் வந்த இந்தக் குறிச்சொல்லைக் குளோப்போடு சேர்த்தால், சிமேக் பில்ட் ஃபோல்டருக்குள் வெரிஃபைகுளோப்ஸ் என்ற ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதி வைக்கும். ஒவ்வொரு பில்டின் தொடக்கத்திலும் அது ஓடி, குளோப்பைத் திரும்பச் செய்து, பழைய விடையோடு ஒப்பிடும். மாறியிருந்தால் சிமேக் முழுதாக மறுபடி ஓடும். நிஞ்சாவில் 'ரீ-செக்கிங் குளோப்ட் டைரக்டரீஸ்' என்று ஒரு வரி தெரிவது இதுதான்.

உங்கள் கேள்வியில் உள்ள பிழையை இது உண்மையிலேயே தீர்க்கும். நாளைக்கே ரிலீஸ் இருக்கிறது என்றால் போட்டுவிட்டுப் போங்கள், தவறில்லை. ஆனால் அதையே நிரந்தரமாக்க வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. சிமேக்கின் சொந்த ஆவணமே சோர்ஸ் கோப்புகளைத் திரட்டக் குளோப்பைப் பரிந்துரைப்பதில்லை என்கிறது. இந்தக் குறிச்சொல் எல்லா ஜெனரேட்டரிலும் (நிஞ்சா, மேக் என்று ஒவ்வொரு கருவிக்கும் விதிக்கோப்பு எழுதும் சிமேக்கின் பகுதி) நம்பகமாக வேலை செய்யும் என்று உறுதி இல்லை என்றும், ஒவ்வொரு பில்டிலும் சரிபார்க்கும் செலவு உண்டு என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. அந்தச் செலவு லினக்ஸில் உள்ளூர் எஸ்எஸ்டியில் பெரும்பாலும் கண்ணில் படாது. நெட்வொர்க் டிரைவில் சோர்ஸ் இருந்தாலோ, விண்டோஸில் வைரஸ் ஸ்கேனர் ஒவ்வொரு கோப்பையும் முகர்ந்து பார்த்தாலோ படும். ஒரு வரி மாற்றி பில்ட் அழுத்துவதை நாளெல்லாம் செய்பவர்களுக்கு இது எரிச்சல்.

செலவைவிடப் பெரிய சிக்கல், எதை வாருகிறோம் என்பதில் இருக்கிறது.

வாரக்கூடாததை வாரும்போது

குளோப்_ரிகர்ஸ் திட்டத்தின் வேரிலிருந்து தொடங்கினால், பில்ட் ஃபோல்டர் வேருக்குள்ளேயே இருக்கும் பட்சத்தில் அதற்குள்ளும் இறங்கும். அங்கே சிமேக்ஃபைல்ஸ் ஃபோல்டரில், சிமேக்கின் வெர்ஷன் எண்ணைப் பெயராகக் கொண்ட துணை ஃபோல்டருக்குள், கம்பைலர்ஐடிசிஎக்ஸ்எக்ஸ் என்ற இடத்தில் ஒரு சிபிபி கோப்பு இருக்கும். கம்பைலர் யாருடையது என்று கண்டுபிடிக்க சிமேக்கே எழுதிக்கொள்வது அது. அதில் ஒரு மெயின் ஃபங்ஷன் உண்டு. இதன் விளைவு விசித்திரமாக இருக்கும்: முதல் முறை சிமேக் ஓடியபோது அந்தக் கோப்பு இன்னும் பிறக்கவில்லை என்றால் பில்ட் சரியாகப் போகும், இரண்டாம் முறை 'மல்டிபிள் டெஃபினிஷன் ஆஃப் மெயின்' என்று விழும். நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று கோட் முழுதும் தேடினாலும் விடை கிடைக்காது, கோட் மாறவே இல்லையே.

ஜெனரேட் ஆகும் கோப்புகளுக்கு இதன் மறுபக்கம். புரோட்டோபஃப் போன்ற கருவி எழுதித் தரும் சிபிபி கோப்பு முதல் கன்ஃபிகரில் இருக்காது, குளோப் அதைப் பார்க்காது. பில்ட் ஒரு தடவை ஓடிய பிறகு இருக்கும், அடுத்த கன்ஃபிகரில் பார்க்கும். 'இரண்டு தடவை பில்ட் செய்தால் சரியாகிவிடும்' என்று ரீட்மியில் எழுதி வைத்திருக்கும் திட்டங்களில் பெரும்பாலும் இதுதான் நோய். ஜெனரேட் ஆகும் கோப்பு எந்தக் காலத்திலும் குளோப்பில் வரக்கூடாது. ஆட்_கஸ்டம்_கமாண்டின் அவுட்புட்டில் அதன் முழுப் பாதையை எழுதி, அதே பாதையை டார்கெட்டின் (உருவாக வேண்டிய எக்ஸிகியூட்டபிள் அல்லது லைப்ரரி) பட்டியலிலும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் எதை முதலில் செய்ய வேண்டும் என்று நிஞ்சாவுக்குத் தெரியும்.

இன்னும் சில்லறைத் தொல்லைகள்: கிட் மெர்ஜ்டூல் ஓடும்போது ஒரு பெயருக்கு பேக்அப், பேஸ், லோக்கல், ரிமோட் என்று நாலு நகல், அதே சிபிபி நீட்சியோடு, அதே ஃபோல்டரில் வந்து உட்காரும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே கிடக்கும். யாரோ பரிசோதனைக்கு வைத்த 'பார்சர்_ஓல்டு' கோப்பும் அப்படியே. குளோப் இருக்கும் திட்டத்தில் இவை எல்லாமே தயாரிப்பின் பகுதி. விண்டோஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் சிமேக்கின் குளோப் எழுத்தின் பெரியது சிறியது பார்க்காது, லினக்ஸில் பார்க்கும். பழைய விண்டோஸ் திட்டத்திலிருந்து பெரிய எழுத்து நீட்சியோடு வந்த கோப்பு லினக்ஸில் மட்டும் விட்டுப்போவது இதனால்.

மேக்ஃபைலில் இருப்பவர்களுக்கு

சிமேக் இல்லாமல் நேரடியாக மேக்ஃபைல் எழுதி வைல்ட்கார்டு ஃபங்ஷனைப் பயன்படுத்துபவர்கள், 'எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, மேக் ஒவ்வொரு தடவையும் ஃபோல்டரைப் படிக்கிறது' என்பார்கள். சேர்ப்பதைப் பொறுத்தவரை உண்மை. புதிய கோப்பு கிடைக்கும், கம்பைல் ஆகும், அதன் ஆப்ஜெக்ட் புதிதாக இருப்பதால் மறுபடி லிங்க் ஆகும். அழிப்பதில்தான் இடறும். ஒரு சோர்ஸை நீக்கினால் ஆப்ஜெக்ட் பட்டியல் ஒன்று குறையும். மீதி ஆப்ஜெக்ட் எதுவும் எக்ஸிகியூட்டபிளைவிடப் புதிதில்லை. மேக் நேரத்தை மட்டும் ஒப்பிடும், கட்டளை மாறியதா என்று பார்ப்பதில்லை. எனவே 'எல்லாம் அப்-டு-டேட்' என்று சொல்லிவிட்டு, நீக்கிய கோடைச் சுமந்த பழைய பைனரியையே விட்டுவைக்கும்.

ஸ்டேடிக் லைப்ரரியில் இது இன்னும் ஆழமாகப் புதையும். வழக்கமான 'ஏஆர் ஆர்சிஎஸ்' கட்டளை ஆர்க்கைவில் உள்ளதை மாற்றும், இல்லாததைச் சேர்க்கும்; ஆனால் கட்டளையில் பெயர் இல்லாத பழைய உறுப்பை நீக்காது. எனவே வேறு காரணத்துக்காக ஆர்க்கைவ் மறுபடி உருவானாலும், நீக்கிய கோப்பின் ஆப்ஜெக்ட் உள்ளேயே இருக்கும். அதை இன்னும் யாராவது கூப்பிட்டுக்கொண்டிருந்தால் லிங்க் வெற்றி பெறும், உங்கள் கணினியில் மட்டும். புதிதாக கிளோன் செய்தவரிடம் விழும். மருந்து எளியது: ஏஆர் கட்டளைக்கு முன் பழைய ஆர்க்கைவை அழிக்கும் ஒரு வரி. சிமேக் எழுதித் தரும் விதிகளில் இது ஏற்கெனவே உண்டு. நிஞ்சா, ஓடிய கட்டளையையும் தன் பதிவில் வைத்துக்கொண்டு மாறினால் மறுபடி ஓட்டுவதால் அங்கே முதல் பிரச்சினையும் இல்லை.

வரிசை என்று இன்னொன்று. க்னூ மேக் 3.82 முதல் 4.3-க்கு முன் வரை வைல்ட்கார்டின் விடை அகரவரிசையில் வரும் என்ற உறுதி இல்லை. கோப்பு முறைமை கொடுத்த வரிசைதான். இரண்டு கணினியில் லிங்க் வரிசை வேறுபட்டால் பைனரி பைட்டுக்குப் பைட் ஒத்துவராது. அதைவிட, குளோபல் ஆப்ஜெக்டுகளின் தொடக்க வரிசை கோப்புகளுக்கிடையே லிங்க் வரிசையைச் சார்ந்து மாறலாம். ஒருவரிடம் ஓடுவது இன்னொருவரிடம் மெயினுக்கு முன்பே சரியும். 4.3-இல் வரிசைப்படுத்தல் திரும்பி வந்துவிட்டது. பழைய மேக்கும் இருக்கக்கூடிய இடங்களில் வைல்ட்கார்டைச் சார்ட் ஃபங்ஷனுக்குள் போட்டு எழுதுங்கள். சிமேக்கின் குளோப் 3.6 முதல் வரிசைப்படுத்தியே தருகிறது.

மற்ற கருவிகளில் என்ன வழக்கம்

'பேசலில் எல்லோரும் குளோப்தானே போடுகிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், அங்கே சரி. பேசல், ஃபோல்டரின் உள்ளடக்கத்தையே ஒரு இன்புட்டாகக் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு கோப்பு வந்தாலும் போனாலும் அந்தக் குளோப்பைத் திரும்ப மதிப்பிடும். சொந்தமாக பில்ட் கோப்பு வைத்திருக்கும் துணை ஃபோல்டருக்குள் குளோப் இறங்காது, எனவே வாரக்கூடாததை வாருவதும் குறைவு. ஆக, குளோப்பைச் சரி என்பதா தவறு என்பதா என்பது கருவியைப் பொறுத்தது. ஃபோல்டரை இன்புட்டாகப் பார்க்கும் கருவியில் குளோப் பத்திரம். பட்டியலை ஒரு தடவை உறையவைக்கும் கருவியில் பத்திரமில்லை.

மெசான் இந்தச் சிக்கலே வேண்டாம் என்று சோர்ஸுக்கு வைல்ட்கார்டை வேண்டுமென்றே தரவில்லை, ஆட்டோமேக்கும் அப்படியே. கோ மொழியில் ஃபோல்டர்தான் பேக்கேஜ், பட்டியல் என்ற பேச்சே கிடையாது; லினக்ஸுக்கு மட்டுமான கோப்பு என்றால் பெயரின் பின்னொட்டிலேயே அது தெரியும். ரஸ்டில் மாட் அறிவிப்புகளே பட்டியல். சி#-இல் 2017 வரை ஒவ்வொரு கோப்புக்கும் திட்டக்கோப்பில் ஒரு வரி, வாராவாரம் மெர்ஜ் சண்டை. புதிய எஸ்டிகே பாணி வந்தபின் இயல்பாகவே எல்லா சிஎஸ் கோப்பும் உள்ளே. எக்ஸ்கோட் 16-இல் ஆப்பிளும் ஃபோல்டரையே நேரடியாகச் சேர்க்கும் வசதியைக் கொடுத்தது.

சி, சி++ உலகம் இன்னும் பட்டியலை விடாததற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் மேக்ஃபைல்களைப் பாருங்கள். அங்கே ஒரு டிரைவர் கோப்பு ஃபோல்டரில் இருப்பதால் மட்டும் கெர்னலுக்குள் போய்விடாது. எந்த கன்ஃபிக் தேர்வு இருந்தால் அது உள்ளே, எப்போது மாட்யூல், எப்போது வெளியே என்பது ஒவ்வொரு வரியிலும் எழுதியிருக்கும். கோப்பு இருக்கிறது என்பது ஒரு தகவல், அதைத் தயாரிப்பில் சேர்க்கிறோம் என்பது ஒரு முடிவு. குளோப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

பட்டியலை எழுதும் விதம்

நானூறு பெயரையும் ஒரே கோப்பில் எழுதாதீர்கள். மேல்மட்டத்தில் டார்கெட்டை மட்டும் அறிவியுங்கள், 3.11 முதல், சோர்ஸ் எதுவும் சொல்லாமலே டார்கெட்டை உருவாக்கிவிட்டுப் பிறகு சேர்க்கலாம். ஒவ்வொரு துணை ஃபோல்டருக்கும் ஒரு சிமேக்லிஸ்ட்ஸ் வைத்து, அதில் டார்கெட்_சோர்சஸ் கட்டளையால் அந்த ஃபோல்டரின் கோப்புகளை மட்டும் சேருங்கள். இங்கே ஒரு கண்ணி: 3.13-க்கு முன்பு, துணை ஃபோல்டரில் எழுதிய சார்புப் பாதை டார்கெட் பிறந்த ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும், கோப்பு கிடைக்கவில்லை என்று விழும். 3.13-இல் வந்த சிஎம்பி0076 பாலிசி (பழைய நடத்தையா புதியதா என்று தீர்மானிக்கும் அமைப்பு) அதைச் சரிசெய்தது. சிமேக்_மினிமம்_ரிக்வயர்ட் 3.13-ஐவிடக் குறைவாக அறிவித்திருந்தால், புதிய சிமேக்கைப் பயன்படுத்தினாலும் பழைய நடத்தைதான் தொடரும், எண்ணை உயர்த்துங்கள்.

ஒரு வரிக்கு ஒரு பெயர். அகரவரிசை. பப்ளிக் ஹெடர் தவிர மற்றதெல்லாம் பிரைவேட். அகரவரிசை எதற்கு என்றால், எல்லோரும் பட்டியலின் கடைசியிலேயே சேர்த்துக்கொண்டு போனால் எந்த இரண்டு கிளையும் அதே இடத்தில் முட்டும். அகரவரிசையில் சேர்த்தால் மாற்றங்கள் சிதறிவிடும், மெர்ஜ் முட்டல் வெகுவாகக் குறையும். முட்டலை ஒழிக்கிறேன் என்று கிட்டின் யூனியன் மெர்ஜைச் சிமேக்லிஸ்ட்ஸுக்கு அமைப்பவர்கள் உண்டு, வேண்டாம். முட்டும் இடத்தில் அது இரு தரப்பு வரிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளும். ஒருவர் பெயர் மாற்றிய கோப்பின் பழைய வரி உயிர்பெற்று வரும், மூடும் அடைப்புக்குறி இரண்டாகும்.

வரிசைப்படுத்தக் கட்டளையைப் பயன்படுத்தினால் எல்சி_ஆல்=சி என்று முன்னால் வையுங்கள். இல்லையென்றால் ஒருவர் கணினியின் லோக்கேல் அடிக்கோட்டைக் கணக்கில் எடுக்காது, இன்னொருவருடையது எடுக்கும். ஒவ்வொரு கமிட்டிலும் வரிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

யூனிட்டி பில்ட் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 3.16-இல் வந்த இந்த வசதி பட்டியலின் வரிசைப்படி இயல்பாக எட்டெட்டுக் கோப்பாகச் சேர்த்து கம்பைல் செய்யும். பட்டியலின் நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்குப் பிந்தைய எல்லாக் கட்டுகளும் ஒன்று நகரும், எல்லாமே மறுபடி கம்பைல் ஆகும். அதுகூடப் பரவாயில்லை. புதிய கட்டில் அருகருகே வந்த இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் ஸ்டேடிக் ஃபங்ஷன் இருந்தால், நீங்கள் தொடாத கோப்பில் பிழை வரும்.

ஹெடரைப் பட்டியலில் போட வேண்டுமா? கம்பைல் ஆக வேண்டியதில்லை, எந்த சிபிபி எந்த ஹெடரைச் சார்ந்தது என்பதைக் கம்பைலரே எழுதித் தந்துவிடும். ஆனால் விஷுவல் ஸ்டுடியோ மாதிரி ஐடிஇ-யில் தெரிய வேண்டும் என்றால் போட வேண்டும். க்யூட்டி திட்டத்தில் கட்டாயம் போடுங்கள்: க்யூட்டியின் மாக் கருவியைத் தானாக ஓட்டும் சிமேக் வசதியான ஆட்டோமாக், பட்டியலில் உள்ள சிபிபி-யின் அதே பெயர் கொண்ட ஹெடரைத் தானே கண்டுபிடிக்கும், பெயர் வேறாக இருந்தாலோ, ஹெடர் வேறு ஃபோல்டரில் இருந்தாலோ, பட்டியலில் இல்லாவிட்டால் பார்க்காது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு விடேபிள்' என்று வரும் பிழைக்கு இது பழைய காரணம். லைப்ரரி எழுதுபவர்கள் 3.23-இல் வந்த ஃபைல்_செட் வழியில் பப்ளிக் ஹெடர்களைச் சொன்னால், இன்ஸ்டால் செய்வதும் இன்க்ளூட் பாதையும் அதிலிருந்தே கிடைக்கும். 3.24 முதல் ஒவ்வொரு ஹெடரும் தனியாக கம்பைல் ஆகிறதா என்று சோதிக்கும் வசதியும் அதன்மேல் வருகிறது. அது ஒன்றுக்காகவே மாறலாம்.

விண்டோஸுக்கு ஒரு கோப்பு, லினக்ஸுக்கு ஒன்று என்று இருந்தால் தனித்தனி துணை ஃபோல்டரில் வைத்து, மேலிருந்து சாதாரண இஃப் போட்டு அந்த ஃபோல்டரை மட்டும் சேருங்கள். ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷனால் (விதிக்கோப்பு எழுதும்போது மட்டும் விரியும் நிபந்தனை) ஒரே பட்டியலுக்குள் பிரிக்கவும் முடியும். ஆனால் படிக்கக் கண் வலிக்கும், கீழே வரும் சோதனையும் சிக்கலாகும்.

விண்டோஸிலோ மேக்ஓஎஸ்ஸிலோ வேலை செய்பவர் பட்டியலில் 'பார்சர்' என்று பெரிய எழுத்தில் தொடங்கி எழுதி, கோப்பு சிறிய எழுத்தில் இருந்தால் அவரிடம் ஓடும். லினக்ஸ் சிஐ-யில் (புஷ் செய்ததைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) 'கேனாட் ஃபைன்ட் சோர்ஸ் ஃபைல்' என்று விழும். கையால் எழுதும் பட்டியலின் மிகச் சாதாரணமான பிழை இது. நல்ல வேளையாக, முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

காவல்

சேர்க்க மறந்த கோப்பைப் பிடிக்க எல்எல்விஎம் கம்பைலர் திட்டத்தின் வழியைப் பின்பற்றலாம். அங்கே சோர்ஸ் பட்டியல் கையால் எழுதப்படுகிறது. கன்ஃபிகர் நேரத்தில் ஒரு சிறு ஃபங்ஷன் அதே ஃபோல்டரைக் குளோப் செய்து, பட்டியலில் இல்லாத கோப்பு வட்டில் இருந்தால் பெயரைச் சொல்லிப் பிழை கொடுக்கும். வேண்டுமென்றே விட்ட கோப்புகளுக்கு எல்எல்விஎம்_ஆப்ஷனல்_சோர்சஸ் என்று தனிப் பட்டியல். குளோப் இங்கே எதையும் தயாரிப்பில் சேர்ப்பதில்லை, கேள்வி மட்டும் கேட்கிறது.

உங்கள் திட்டத்துக்கு இருபது வரியில் எழுதலாம். டார்கெட்டின் சோர்சஸ் பண்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சில பாதைகள் முழுமையாகவும் சில சார்பாகவும் இருக்கும், எல்லாவற்றையும் முழுப் பாதையாக்குங்கள். ஃபோல்டரைக் குளோப் செய்து முழுப் பாதைகளை எடுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். மிச்சம் இருந்தால் மெசேஜ் கட்டளையில் சென்ட்_எரர் கொடுங்கள். ஃபேட்டல்_எரர் வேண்டாம், அது முதல் பிழையிலேயே நின்றுவிடும். சென்ட்_எரர் எல்லா ஃபோல்டரையும் பார்த்து முடித்து, விட்டுப்போன அத்தனை பெயரையும் ஒரே ஓட்டத்தில் சொல்லும், விதிக்கோப்பை மட்டும் எழுதாது. சோர்சஸ் பண்பில் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் விரிவாகாமல் அப்படியே இருக்கும் என்பதால்தான், தளம் சார்ந்த கோப்புகளை ஃபோல்டராகப் பிரிக்கச் சொன்னேன்.

இந்தச் சோதனையும் கன்ஃபிகரில்தான் ஓடும் என்பதால், சிமேக்லிஸ்ட்ஸைத் தொடாமல் டெஸ்ட் கோப்பை மட்டும் சேர்த்தவரின் கணினியில் உடனே பேசாது. சிஐ வழக்கமாகக் காலி ஃபோல்டரில் தொடங்குவதால் அங்கே தப்பாது. பெரும்பாலான அணிகளுக்கு இது போதும். உள்ளூரிலேயே உடனடியாகத் தெரிய வேண்டும் என்றால், கன்ஃபிகர்_டிபெண்ட்ஸை இந்தச் சோதனைக் குளோப்பில் போடுங்கள். அங்கே அது ஏதாவது ஜெனரேட்டரில் வேலை செய்யாமல் போனாலும் பில்ட் கெடாது.

சோர்ஸுக்கு அல்லாமல் ஐகான், மொழிபெயர்ப்புக் கோப்பு, டெஸ்ட் டேட்டா போன்றவற்றுக்கு கன்ஃபிகர்_டிபெண்ட்ஸோடு குளோப்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கோப்பும் தனி எக்ஸிகியூட்டபிளாகும் எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டருக்கும் அப்படியே. ஒருவரே எழுதும் பத்துக் கோப்புத் திட்டத்தில் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம்.

மாற்றும் முறை

முதலில் காலி பில்ட் ஃபோல்டரில், சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸை ஆன் செய்து, இப்போதைய குளோப்போடு கன்ஃபிகர் செய்யுங்கள். கிடைக்கும் கம்பைல்_கமாண்ட்ஸ் ஜேசன் கோப்பை ஓரமாக எடுத்து வையுங்கள். இன்று உண்மையில் என்ன கம்பைல் ஆகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இந்த வசதி நிஞ்சா, மேக்ஃபைல் ஜெனரேட்டர்களில் மட்டும் உண்டு, உங்களுக்குச் சிக்கல் இல்லை.

அடுத்து ஒவ்வொரு ஃபோல்டரிலும் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் ஓட்டி, சிபிபி கோப்புகளை மட்டும் வடிகட்டி, சி லோக்கேலில் வரிசைப்படுத்தி, டார்கெட்_சோர்சஸுக்குள் ஒட்டுங்கள். எல்எஸ் வேண்டாம், கிட்டின் கட்டளையே வேண்டும்; கமிட் ஆகாத குப்பைகள் அதில் வராது. பிறகு குளோப் வரியை எடுத்துவிட்டு, இன்னொரு காலி ஃபோல்டரில் கன்ஃபிகர் செய்து, இரண்டு ஜேசனிலும் உள்ள கோப்புப் பெயர்களை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தி டிஃப் போடுங்கள்.

டிஃப் காலியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய பக்கத்தில் மட்டும் இருப்பவை, யாருக்கும் தெரியாமல் இத்தனை நாள் தயாரிப்புக்குள் போய்க்கொண்டிருந்த கமிட் ஆகாத கோப்புகள், அல்லது ஜெனரேட் ஆனவை. இரண்டாவது வகையை ஆட்_கஸ்டம்_கமாண்டோடு இணையுங்கள், முதல் வகையை எழுதியவரிடமே கேளுங்கள். புதிய பக்கத்தில் மட்டும் இருப்பவை, நீட்சி எழுத்து மாறியதாலோ, குளோப் பேட்டர்னில் சிசி, சிஎக்ஸ்எக்ஸ் போன்ற நீட்சிகளைச் சொல்லாததாலோ இதுவரை கம்பைலே ஆகாதவை. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் கம்பைல் ஆகாத கோப்பு இன்றைய ஹெடர்களோடு ஒத்துப்போக வாய்ப்புக் குறைவு. டெஸ்ட் கோப்பாக இருந்தால் தனி கமிட்டில் சேர்த்து, என்ன விழுகிறது என்று பாருங்கள். வேறு கோப்பாக இருந்து யாரும் கேட்கவில்லை என்றால் அழித்துவிடுங்கள், வரலாறு கிட்டில் இருக்கிறது. இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் காவல் ஃபங்ஷனைச் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால் முதல் நாளே முப்பது பிழை வரும், அதை அணைத்து வைக்க யாராவது ஒரு ஆப்ஷனைச் செருகிவிடுவார்கள்.